வெயிலுக்கா, கண்ணுக்கா, வெடிக்கா? - கொழும்பு யன்னல்களின் கதை

கொழும்பில் வசிப்பவர்களுக்கு ஏப்ரல் மாதத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ள நகரம் இது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். நண்பகலில் நம் நிழல் நம் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். எங்கள் குடியிருப்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கிய நான்காம் மாடியில் இருக்கிறது. கடல் மேற்கே இருப்பதால் பிற்பகல் இரண்டு மணி முதல் பொழுது சாயும்வரை வெயில் நேராக வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொள்ளும். எண்பது வயதைக் கடந்த என் தாயாரின் அறை அந்தப் பக்கத்தில்தான் உள்ளது.

யன்னல் கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கும் மென்படலம் ஒட்டுவது என்று முடிவு செய்தோம். கொழும்பு வழக்கில் சொல்வதானால், 'டின்ட் அடிப்பது'. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருமுறை ஒட்டுவித்து ஏமாந்த அனுபவம் உண்டு. துண்டுப் பிரசுரம் ஒன்றைப் பார்த்து அழைத்தோம். வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துப் பணத்தை வாங்கிச் சென்றார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் கறுப்பாக இருந்த படலம் கத்தரிப்பூ நிறமாக மாறி, அம்மை போட்டதுபோலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. அது வாகனங்களுக்கு ஒட்டும் மலிவான சாயப் படலம் என்பது பின்னரே தெரிந்தது.

இம்முறை புறக்கோட்டையில் நெடுங்காலம் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், பழைய சோனகத் தெருவை அண்டிய சந்து ஒன்றில் உள்ள சிறு கடைக்கு என்னை அனுப்பினார். முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் இருந்தார். யன்னலின் அளவு எழுதிய தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே கேட்டார்:

"எதுக்காக சேர் ஒட்டப் போறீங்க? வெயிலுக்கா, வெளிய இருந்து ஆள் பாக்காம இருக்கவா, இல்ல கண்ணாடி உடைஞ்சா சிதறாம இருக்கவா? மூணுக்கும் மூணு சாமான்."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேள்வி கேட்டே சோறுண்டவன் நான். அந்த இளைஞர் கேட்டது வியாபாரக் கேள்விதான். ஆயினும் கொழும்பு யன்னல்களின் வரலாறே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அதையே இங்கு எழுதிப் பார்க்கிறேன்.

வெயிலுக்கு

தமிழில் யன்னலுக்குப் பழைய பெயர்களுள் ஒன்று 'காலதர்'. சிலப்பதிகாரத்தில் இச்சொல் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததே. நாம் இன்று சொல்லும் யன்னலோ போர்த்துக்கேயரின் 'ஜனேலா'. சிங்களத்தில் அது 'ஜனேலய' ஆயிற்று. காற்றின் வழிக்குக் கண்ணாடி போட்டு அடைக்கும் பழக்கம் நம்மிடம் மிகவும் பிந்தியே வந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நகரைக் கோட்டை என்றும் அதற்கு வெளியே உள்ள பழைய நகர் என்றும் பிரித்தனர். அந்தப் பழைய நகரே நமது புறக்கோட்டை. ஆங்கிலேயர் வைத்த 'பெட்டா' என்ற பெயர் தமிழின் 'பேட்டை'யிலிருந்து பிறந்தது. இன்று மூட்டை சுமப்போரும் கைவண்டிகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருக்கள், ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்தரும் வணிகரும் குடும்பத்தோடு வாழ்ந்த குடியிருப்பு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் அதற்குச் சாட்சி. 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீயின் இல்லமாக இருந்து, பின்னர் மதப் பயிற்சிக் கூடமாகவும் வைத்தியசாலையாகவும் தபாலகமாகவும் மாறி, 1982இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது.

அந்த வீட்டுக்குள் முதன்முதலாக நான் நுழைந்தது பல்கலைக்கழக மாணவனாக. வெளியே பிற்பகல் வெயில் கொளுத்தியது. உள்ளே மின்விசிறி கூட இல்லாத கூடத்தில் குளிர்ச்சி இருந்தது. தடித்த சுவர், உயர்ந்த கூரை, தெருப்பக்கம் தூண்கள் தாங்கிய விறாந்தை, நடுவே திறந்த முற்றம். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே விறாந்தை அதைத் தடுத்துவிடுகிறது. முற்றம் காற்றை இழுக்கிறது. குளிர்நாட்டிலிருந்து வந்த ஒல்லாந்தர், இந்த வெயிலை வாசலுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும் என்பதை விரைவில் கற்றுக்கொண்டார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் கண்ணாடி பெருகியது. பிரித்தானியாவில் கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்டு அதன் விலை வீழ்ந்தது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் தொடங்கிய கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவுற்றது. கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் கண்ணாடி முகப்புக் கடைகள் எழுந்தன. ஆயினும் வீடுகளில் வெயிலுக்குத் தட்டிதான் தொங்கியது. மூங்கில் கீற்றுகளைக் கோத்து, கயிற்றால் சுருட்டவும் இறக்கவும் கூடிய அந்தத் தட்டிகளை இன்றும் இலங்கை ஆங்கிலத்தில் 'டற்ஸ்' என்றே அழைக்கிறார்கள். தமிழகத்தில் இதே வேலையை வெட்டிவேர்த் தட்டி செய்தது. அதில் நீர் தெளித்தால் காற்று குளிர்ந்து மணத்தோடு வரும்.

தட்டியும் விறாந்தையும் வெயிலை வெளியே நிறுத்தின. கண்ணாடியில் ஒட்டும் படலம், வெயில் கண்ணாடியை அடைந்த பின்னரே தன் வேலையைத் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை மறந்ததில்தான் நவீன கொழும்பின் வெக்கை ஆரம்பமாகிறது.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அலுமினியச் சட்டங்களும் பெரிய கண்ணாடிப் பலகைகளும் குளிரூட்டிகளும் தாராளமாக வந்தன. அதே காலத்தில், 1978இல், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காகப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை முடித்துக் கொடுத்தார். காற்று தானே உள்ளே புகுந்து வெளியேறும் வகையில் அதன் முகப்புகள் அமைக்கப்பட்டிருந்தன. வெப்ப நாட்டுக்கு உகந்த உயர்ந்த கட்டடத்துக்கு முன்னோடியாக உலகின் கட்டடக்கலை நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. கொழும்பு அதைப் பின்பற்றவில்லை. கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டி, அவற்றுக்குள் குளிரூட்டியைப் பூட்டும் வழியையே தேர்ந்தெடுத்தது.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மருந்தாக வந்ததே மென்படலம். இதன் பிறப்புக்கும் நமது புறக்கோட்டைத் துணிக்கடைகளுக்கும் ஓர் உறவு உண்டு. 1941இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரைச் சேர்ந்த துணி அச்சிடும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் ஒருவகைப் பொலியெஸ்டரைக் கண்டுபிடித்தனர். அது நூலாக இழுக்கப்பட்டு 'டெரிலீன்' ஆயிற்று. எங்கள் தந்தையர் காலத்தில் பெருமையோடு அணியப்பட்ட டெரிலீன் சட்டைகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே பொருளை மெல்லிய தாளாக இழுத்து, அதன்மீது கண்ணுக்குத் தெரியாத அளவு அலுமினிய ஆவியைப் படியவிட்டபோது வெயிலைத் திருப்பி அனுப்பும் படலம் கிடைத்தது. அமெரிக்காவின் திரீ எம் நிறுவனம் இத்தகைய படலத்துக்கு 1966இல் காப்புரிமை பெற்றது. 1973இன் எரிபொருள் நெருக்கடிக்குப் பின்னர் உலகம் அதை நாடத் தொடங்கியது.

கொழும்பிலும் எரிசக்தி நெருக்கடியே இந்தத் தொழிலுக்கு உயிரூட்டியது எனலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டாலும், குளிரூட்டியைப் போடும் முன் கையைப் பின்னிழுக்கும் பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது.

கண்ணுக்கு

இரண்டாவது காரணம் கண். பிறர் கண்ணிலிருந்து மறைவதற்காக யன்னலை மூடுவது.

என் பாட்டனார் புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் கொழும்பின் மீது பறந்து துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அக்காலத்து இருட்டடிப்பைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கடை யன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, அதற்குள் மண்ணெண்ணெய் விளக்கைத் தாழ்த்தி வைத்துக் கணக்கு எழுதினாராம். "வெளிச்சம் வெளியிலை போனால் எமன் உள்ளே வருவான்" என்பது அவருடைய வாக்கியம்.

அந்த இருட்டடிப்பு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் திரும்பி வந்தது. 2007 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு, உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் மோதிக்கொண்டிருந்தன. நகரமே தொலைக்காட்சிக்கு முன் விழித்திருந்த நள்ளிரவுக்குப் பின்னர், விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் வருவதாகத் தெரிந்ததும் கொழும்பு முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. இருளில் நின்று வானத்தைப் பார்த்தபோது பாட்டனாரின் கறுப்புத் தாள் நினைவுக்கு வந்தது.

ஆனால் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்குக் கண் என்பது வானத்தில் மட்டும் இருக்கவில்லை. 1983 ஜூலைக் கடைசி வாரத்தில் எனக்கு வயது பதின்மூன்று. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வாடகை வீட்டில் இருந்தோம். புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்த புகை தெற்கே எங்கள் பக்கத்து வானத்திலும் தெரிந்தது. எங்கள் வீட்டின் முன் யன்னலுக்கு அம்மா தன் பழைய கூறைச்சேலையை இரட்டையாக மடித்துக் கட்டினார். தெருவில் கூட்டத்தின் சத்தம் கேட்டது. நாங்கள் நால்வரும் சுவரோடு சுவராக நிலத்தில் அமர்ந்திருந்தோம். முதலில் உடைந்தது அந்த யன்னல்தான். சேலை கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் ஏந்திக்கொண்டது. பின் மதிலால் ஏறிப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் இரண்டு இரவுகள் இருந்தோம். பிறகு இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் ஆயிரக்கணக்கானோரில் நால்வரானோம். அதன் பின்னர் அம்மா எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதலில் பார்ப்பது யன்னலை. தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அதற்கு அடுத்ததுதான்.

போர்க் காலம் முழுவதும் இந்தக் கண் எங்களோடு இருந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரவில் வெளிச்சம் தெரியும் யன்னலைப் பார்த்துக் கதவு தட்டப்படலாம்; பதிவுத் துண்டைக் காட்ட வேண்டியிருக்கலாம். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்று எழுபதுக்கும் அதிகமானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. அந்த விடுதி அறைகளின் யன்னல்களில் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்ததைச் செய்தி சேகரிக்கச் சென்றபோது கண்டேன். ஒரு சில தாள்கள் நான் பணியாற்றிய பத்திரிகையினுடையவை.

அண்டை நாட்டில் இந்தப் பிரச்சினை எதிர்த்திசையில் எழுந்தது. வாகனங்களுக்குள் நடப்பதைப் பொலிஸார் பார்க்க முடியாதிருப்பது குற்றங்களுக்கு வழி செய்கிறது என்ற வாதத்தை ஏற்று, 2012 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடை செய்தது. வீட்டு யன்னலுக்கு அத்தடை இல்லை. பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவனுக்கும் இடையிலான இழுபறியில் ஒரு மெல்லிய தாள் எவ்வளவு பெரிய வழக்காக மாறுகிறது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

வெடிக்கு

மூன்றாவது காரணத்தை எழுதும்போது கை தயங்குகிறது.

1996 ஜனவரி 31, புதன்கிழமை. காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னர் விடுதலைப் புலிகளின் வெடிமருந்து நிரம்பிய லொறி, கோட்டையில் மத்திய வங்கியின் வாயிலில் மோதி வெடித்தது. தொண்ணூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். காயமடைந்தோர் ஆயிரத்து நானூறு பேர். நான் அப்போது இளம் நிருபன். சத்தம் கேட்டபோது புறக்கோட்டையில் இருந்தேன். கோட்டையை நோக்கி ஓடினேன். நெருங்க நெருங்கக் காலடியில் தெரு சத்தமிட்டது. பாதணிக்குக் கீழே கண்ணாடி. கோடை மழையில் ஆலங்கட்டி விழுந்து கிடப்பதுபோல ஜனாதிபதி மாவத்தை முழுவதும் கண்ணாடி. வெடித்த இடத்திலிருந்து வெகு தூரத்தில் இருந்த அலுவலகங்களில் மேசைக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு மாடிப்படிகளில் இறங்கி வந்தார்கள். சத்தம் கேட்டு என்னவென்று பார்க்க யன்னலுக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். அன்று கண் பார்வையை இழந்தவர்கள் பலர். அவர்களுள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தனர். கண்ணாடி இனம் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி, கொழும்பு உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் திறந்து வைக்கப்பட்டன. மூன்றே நாளில், 15ஆம் திகதி, அதனருகே இன்னொரு லொறிக் குண்டு. புதுக் கோபுரத்தின் கண்ணாடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சுற்றியிருந்த விடுதிகளின் யன்னல்களும் தப்பவில்லை.

குண்டுவெடிப்பில் கண்ணாடியே பெரும் காயம் விளைவிக்கும் என்பதை உலகம் பல இடங்களில் கற்றது. 1995இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரிலும் 2020இல் பெய்ரூட் துறைமுகத்திலும் காயமடைந்தவர்களில் மிகப் பலர் கண்ணாடியால் வெட்டுண்டவர்களே. 1992இலும் 1993இலும் இலண்டனின் வணிகப் பகுதியில் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுகள் வெடித்தபோதும் தெருக்களில் கண்ணாடி மலைபோல் குவிந்தது. அங்கே பரிந்துரைக்கப்பட்ட தற்காப்புகளுள் ஒன்று, கண்ணாடியின் உட்புறத்தில் சிதறல் தடுக்கும் தடித்த படலம் ஒட்டி, அதற்கு முன்னால் எடை வைத்த வலைத் திரையைத் தொங்கவிடுவது. படலம் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1903இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸ், உட்புறம் இரசாயனப் படலம் படிந்திருந்த குடுவை ஒன்று கீழே விழுந்து விரிசல் கண்டும் சிதறாதிருந்ததைப் பார்த்தார். பாதுகாப்புக் கண்ணாடியின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மக்கள் யன்னலில் குறுக்கும் நெடுக்குமாகத் தாள் பட்டை ஒட்டியதும் இதே நம்பிக்கையில்தான். 1996 பெப்ரவரியில் என் அம்மாவும் பார்சல் கட்டும் ஒட்டுநாடாவை எங்கள் யன்னலில் பெருக்கல் குறியாக ஒட்டினார். அது பெரிதாகப் பயன் தராது என்று எனக்குத் தெரியும். கழற்றச் சொல்ல மனம் வரவில்லை.

புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இந்த நினைவு இன்னும் நெருக்கமானது. 1987 ஏப்ரல் 21ஆம் திகதி புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே நடந்தே போகலாம்.

ஒட்டுபவரிடம் கேட்க வேண்டியவை

மீண்டும் அந்தச் சந்துக் கடைக்கு வருகிறேன். படலம் ஒட்ட ஆள் தேடும் வாசகர்களுக்காக, அந்த இளைஞரிடம் கற்றதையும் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, காரணத்தைத் தெளிவுபடுத்துங்கள். வெப்பம் தடுக்கும் படலம் பொதுவாக 50 மைக்ரோன் அளவே தடிப்புடையது. சிதறல் தடுக்கும் படலம் 100 முதல் 200 மைக்ரோன் வரை இருக்கும். முன்னையதை ஒட்டிவிட்டுக் கண்ணாடி பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பின்னையதிலும் படலத்தின் விளிம்பை யன்னல் சட்டத்தோடு பிணைத்தால்தான் முழுப் பலன். இல்லையேல் பலத்த வெடியில் கண்ணாடி சிதறாமல், முழுப் பலகையாகவே உள்ளே பறந்து வரலாம்.

இரண்டாவது, கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்று நம்பாதீர்கள். சூரிய சக்தியில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. சாயம் பூசிய கறுப்புப் படலம் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வெப்பத்தில் கணிசமான பங்கை விட்டுவிடலாம். ஏறத்தாழத் தெளிவாகத் தெரியும் நல்ல படலம் அதைவிட அதிக வெப்பத்தைத் தடுக்கலாம். ஆகவே மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது, வெளிச்சம் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்ற இரண்டு எண்களையும் தயாரிப்பாளரின் தாளில் காட்டச் சொல்லுங்கள். தாள் இல்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள். எங்கள் கத்தரிப்பூ நிறப் படலத்துக்குத் தாள் இருக்கவில்லை.

மூன்றாவது, உங்கள் கண்ணாடி எத்தகையது என்று ஒட்டுபவர் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கம்பி வலை பதித்த கண்ணாடி, ஏற்கெனவே நிறமூட்டிய கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றில் பொருந்தாத படலம் ஒட்டினால், ஓரிடத்தில் வெப்பம் கூடிக் கண்ணாடி தானாகவே வெடிப்பு விடும். பார்க்காமலே விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

நான்காவது, வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கண்ணாடியைச் சவர்க்கார நீரால் கழுவி, தகட்டால் சுரண்டித் துடைப்பதற்கே நல்ல தொழிலாளி பாதி நேரத்தைச் செலவிடுவார். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், தூசி ஒட்டிவிடும் என்பதற்காக. விளிம்பில் நூலளவு இடைவெளி விடுவார். ஒட்டிய பின் ஒரு மாதம்வரை சிறு நீர்க்குமிழிகளும் மங்கலும் இருப்பது இயல்பு. அதுவரை கண்ணாடியைக் கழுவ வேண்டாம். அமோனியா கலந்த திரவத்தை எப்போதும் பயன்படுத்த வேண்டாம்.

ஐந்தாவது, ஒட்டுவதற்கு முன் வெளியே பாருங்கள். யன்னலுக்கு மேல் ஒரு சாய்ப்பு இறக்கவோ தட்டி தொங்கவிடவோ இடமிருந்தால் அதுவே சிறந்தது. நாள் முழுவதும் யன்னலைத் திறந்து கடற்காற்றை வாங்குபவருக்குப் படலத்தால் ஆதாயம் குறைவு. எங்கள் நான்காம் மாடியில் உப்புக் காற்று எந்தத் தட்டியையும் ஒரு பருவத்துக்கு மேல் விட்டுவைக்காது என்பதாலேயே நாங்கள் படலத்துக்கு வந்தோம்.

அம்மாவின் கேள்வி

இளைஞர் ஒரு சனிக்கிழமை வந்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், தடிப்பை அளந்தார், வேலையைத் தொடங்கினார். வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும் ஒருவகைப் படலத்தை நான் தெரிவு செய்திருந்தேன். அம்மா நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடியும் தறுவாயில் கேட்டார்:

"தம்பி, இரவிலை உள்ளுக்கு லைற் போட்டால் வெளியிலை இருந்து தெரியுமோ?"

"தெரியும் அம்மா. பகல்ல வெளிய வெளிச்சம், அதனால வெளியதான் கண்ணாடி மாதிரி இருக்கும். ராத்திரி உள்ளுக்க வெளிச்சம், அப்ப உங்களுக்குத்தான் முகம் தெரியும். வெளிய நிக்கிறவனுக்கு வீடு தெரியும்."

அவர் பொய் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பலர் மறைக்கும் உண்மை அது. பகலில் மறைக்கும் படலம் இரவில் காட்டிக் கொடுத்துவிடும்.

"நாலாம் மாடி அம்மா, கடல் பக்கம். யார் பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். 1983இல் அவர் பிறந்திருக்கவில்லை. 1996இல் கைக்குழந்தை. அந்தச் சிரிப்பில் எந்தத் தவறும் இல்லை. அவருக்கு யன்னல் வெறும் யன்னலாகவே இருப்பதற்காகத்தானே இத்தனை காலமும் ஆசைப்பட்டோம்?

அறையில் இப்போது பிற்பகலில் இருக்க முடிகிறது. அம்மா பகலில் யன்னலோரம் அமர்ந்து, கடலையும் கரையோரப் புகையிரதத்தையும் பார்க்கிறார். மாலை ஆறரை ஆனதும், விளக்கைப் போடுவதற்கு முன், எழுந்து சென்று திரைச்சீலையை இழுத்து மூடிவிடுகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. வெயிலுக்குப் படலம் இருக்கிறது. அதற்கு அவரிடம் திரைச்சீலைதான் இருக்கிறது.